காலையில் போன வண்டி இரவு திரும்ப வேண்டும்

மொத்த வியாபாரத்தில் இறங்கப் போகிறேன் என்று சொல்லும் இளைஞர்கள் பலரும் முதலில் கேட்பது ஒன்றுதான். சென்னையில் குடோன் பிடிக்கலாமா, சொந்த ஊர்ப் பக்கமே இருந்துவிடலாமா? சென்னையில் ஜனம் அதிகம், கடைகள் அதிகம், அதனால் வியாபாரமும் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பில்லை, ஆனால் பாதியில் நிற்கிறது. மீதிப் பாதியை ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது. இன்னொரு டீயும் சொல்லிவிட்டு நிதானமாக உட்காருங்கள்.

திருச்சியை வைத்தே பேசுவோம். தமிழ்நாட்டு வரைபடத்தைத் தெற்கும் வடக்கும் ஒட்டும்படி மடித்தால் மடிப்பு விழுகிற இடத்தில் இருக்கிற ஊர் அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநகரத்தில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர், மாவட்டம் முழுவதும் 27 லட்சம் பேர். சென்னைக்காரருக்கு அது சின்ன ஊர். பெரம்பலூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் வருகிறவருக்குப் பெரிய ஊர். இந்த நடுவாந்தர அளவுதான் மொத்த வியாபாரத்துக்கும் விநியோகத்துக்கும் வாகானது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த வியாபாரத்தில் காசு எப்படி வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். சோப்பு, பிஸ்கட், மசாலாப் பொடி மாதிரிச் சரக்கை எடுத்து விநியோகிக்கும் ஏஜென்சிக்குக் கம்பெனி விட்டுத் தருவது பெரும்பாலும் நூற்றுக்கு நாலு ரூபாய், ஐந்து ரூபாய். மருந்து மொத்த வியாபாரத்தில் எட்டு, பத்து என்பது வழக்கத்தில் இருக்கும் விகிதம். சர்க்கரை மூட்டை, எண்ணெய் டின் என்று போனால் அதுவும் கிடையாது. சில்லறைக் கடைக்காரரைவிடக் குறைவான லாபத்தில் அவரைவிடப் பல மடங்கு பணத்தைப் புரட்டுகிற தொழில் இது.

ஒரு கணக்குக்காக, மாதம் 60 லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஏஜென்சி ஒன்றை வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து என்றால் கைக்கு வருவது 3 லட்சம். குடோன் வாடகை, வண்டி, டீசல், ஆர்டர் எடுக்கும் பையன்கள், லோடுமேன் கூலி, கணக்கு எழுதுகிறவர் சம்பளம், உடைந்தது, நனைந்தது, எலி கடித்தது எல்லாம் போக நூற்றுக்கு ஒன்றரை ரூபாய், அதாவது மாதம் 90,000 மிஞ்சினால் அது நன்றாக நடக்கிற ஏஜென்சி. வருஷத்துக்கு 10.8 லட்சம். இப்போது, முதல் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். குடோனில் பதினைந்து நாள் சரக்கு, கடைகளில் பதினைந்து நாள் பாக்கி. ஆக ஒரு மாத விற்பனைக்குச் சமமான 60 லட்சம் முடங்கியிருக்கும். 60 லட்சம் போட்டு 10.8 லட்சம் எடுத்தால் நூற்றுக்குப் பதினெட்டு. கௌரவமான வருமானம்.

அதே ஏஜென்சியில் சரக்கு 25 நாள் தேங்குகிறது, பாக்கியும் 25 நாள் நிற்கிறது என்று வையுங்கள். முதல் ஒரு கோடி தேவைப்படும். கூடுதலான 40 லட்சத்தைப் பன்னிரண்டு சதவீத வட்டிக்கு வாங்கினால் வட்டிக்கே 4.8 லட்சம் போய்விடும். மிச்சம் 6 லட்சம். விற்பனை குறையவில்லை, கமிஷன் குறையவில்லை, யாரும் ஏமாற்றவுமில்லை. இருபது நாள் கூடியது, அவ்வளவுதான். லாபத்தில் கிட்டத்தட்டப் பாதியை அந்த இருபது நாள் தின்றுவிட்டது.

ஆகவே மொத்த வியாபாரத்துக்கு ஊர் தேடுவதென்றால், நாட்களைக் குறைக்கிற ஊரைத் தேடுவது என்றே பொருள். ஜனத்தொகையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஏஜென்சியின் வாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் ஆறு லைனாகப் பிரித்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை ஒரு லைன், செவ்வாய்க்கிழமை ஒரு லைன் என்று சனிக்கிழமை வரை. ஆர்டர் எடுப்பவர் ஒரு நாளைக்கு நாற்பது கடை வரை ஏறி இறங்குவார். மறுநாள் வண்டி சரக்கோடு போகும். கடைக்காரர் போன வாரத்துப் பில்லுக்குப் பணம் தருவது, இந்த வாரத்து முகத்தை நேரில் பார்க்கும்போதுதான். வண்டி ஒரு வாரம் போகவில்லையானால் வசூல் ஒரு வாரம் தள்ளிப்போகும். கடை அலமாரியில் காலியான இடத்தில் இன்னொரு கம்பெனிச் சரக்கு வந்து உட்கார்ந்துவிடும். அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க மாதக்கணக்காகும்.

ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி இது. எந்த ஊரிலிருந்து கிளம்பினால் வண்டி காலையில் போய், சரக்கை இறக்கி, பணத்தை வசூலித்து, இரவு சாப்பாட்டுக்குள் சொந்தக் குடோனுக்குத் திரும்பும்? டிரைவர் வழியில் தங்கினால் அன்றே ஒரு படி, லாட்ஜ் செலவு, மறுநாள் வண்டி இல்லாமை. நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் மிஞ்சுகிற தொழில் இதைத் தாங்காது.

திருச்சியிலிருந்து மணப்பாறையும் முசிறியும் நாற்பது கிலோமீட்டர் சுமாருக்கு. துறையூர் இன்னும் கொஞ்சம் தள்ளி. புதுக்கோட்டை, தஞ்சாவூர், பெரம்பலூர் மூன்றும் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில். கரூர் எண்பதுக்குள். ஏழு மணிக்குச் சரக்கு ஏற்றிக் கிளம்புகிற குட்டியானை, கடைகள் சுறுசுறுப்பாகும் நேரத்துக்கு இவற்றில் எந்த ஊரிலும் நிற்கலாம். குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் டாடா ஏஸ் 2005-இல் வந்தது விநியோகத் தொழிலில் பெரிய திருப்பம் என்று நான் எப்போதும் சொல்வேன். அதுவரை சந்துக்குள் நுழைய மூன்று சக்கர வண்டி, நெடுஞ்சாலையில் ஓட லாரி என்று இரண்டும் தனித்தனியாக வேண்டியிருந்தது. முக்கால் டன் சரக்கோடு நெடுஞ்சாலையிலும் ஓடி, அக்கிரகாரத் தெருவிலும் திரும்புகிற வண்டி கிடைத்த பிறகுதான் அறுபது கிலோமீட்டர் சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே குடோனின் கைக்குள் வந்தது.

சாலைகளும் அப்படி அமைந்திருக்கின்றன. வேலூரிலிருந்து விழுப்புரம், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் 38, கோவையிலிருந்து கரூர் வழியாகச் சிதம்பரத்துக்குப் போகும் 81, திண்டுக்கல் பக்கமிருந்து வந்து தஞ்சை, நாகப்பட்டினம் என்று போகும் 83 ஆகிய மூன்று தேசிய நெடுஞ்சாலைகளும் திருச்சியில்தான் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. புதுக்கோட்டைக்குத் தனியாக 336 இருக்கிறது. ரயில் இதற்கெல்லாம் மூத்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860-களிலேயே தண்டவாளம் போட்டார்கள். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இங்கே இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனையையே பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே நடுவிடத்தைத்தான் இன்றைய ஏஜென்சிக்காரரும் தேர்ந்தெடுக்கிறார்.

சென்னைக்கு வருவோம். மாதவரத்துக் குடோனிலிருந்து தாம்பரத்துக் கடைக்குப் போகக் கிலோமீட்டர் கணக்கில் திருச்சியிலிருந்து மணப்பாறை தூரம்தான். போய்ச் சேர ஆகும் நேரம் உங்களுக்கே தெரியும். கனரக வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு வேறு. அதைவிட முக்கியமானது, அவ்வளவு பெரிய ஊரைக் கம்பெனிகள் ஒருவரிடம் விடுவதில்லை. பேட்டைக்கொரு ஏஜென்சி என்று துண்டு போட்டிருப்பார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் கம்பெனியோடு நேரடியாகப் பேசிச் சரக்கு எடுத்துக்கொள்ளும். அப்படியானால் ஒரு கோடி ஜனத்தில் உங்கள் பங்குக்கு வருவது நாலைந்து வார்டுகள். ஜனம் அதிகம் என்ற கணக்கு பாதியில் நிற்கிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

வாடகையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மூவாயிரம் சதுர அடி குடோனுக்கு ஓர் ஊரில் சதுர அடி 12 ரூபாய், இன்னோர் ஊரில் 30 ரூபாய் என்று வைத்தால் மாதம் 54,000 வித்தியாசம். நம் ஏஜென்சியின் மாத மிச்சம் 90,000 என்பதை நினைத்துப் பாருங்கள், போதும்.

லாரி வாடகையில் இருக்கும் சூட்சுமம் பலருக்குத் தெரிவதில்லை. சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர் மனசில் இருக்கும் முதல் கேள்வி, "திரும்பு லோடு கிடைக்குமா?" கிடைக்காத ஊருக்கு அவர் போக வர இரண்டுக்கும் சேர்த்து வாடகை கேட்பார். நாசிக்கிலிருந்து பெரிய வெங்காயம் ஏற்றி வருகிற லாரி திருச்சியில் இறக்கிவிட்டுக் காலியாக நிற்பது அபூர்வம். லாலாபேட்டை, தொட்டியம் பக்கத்து வாழை, அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட், டெல்டாவின் அரிசி, திருவெறும்பூரில் செய்கிற இரும்புக் கட்டுமானங்கள் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு போகலாம். லாரித் தொழிலின் தலைமையூரான நாமக்கல்லும் பக்கத்திலேயே இருக்கிறது. புக்கிங் ஆபீசில் போய்ச் சொன்னால் சாயங்காலத்துக்குள் வண்டி வந்துவிடும். சின்ன டவுனில் இருப்பவர் லாரிக்காக இரண்டு நாள் காத்திருப்பார். அந்த இரண்டு நாளும் நாம் மேலே போட்ட கணக்கில் ஏறும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மொத்த வியாபாரியின் விற்பனை அவர் கையில் இல்லை. சுற்றியுள்ள ஜனங்களின் கையில் பணம் புழங்கினால் கடைக்காரர் விற்பார், கடைக்காரர் விற்றால் இவர் விற்பார். ஒரே தொழிலை நம்பிய ஊரில் அந்தத் தொழில் படுத்தால் எல்லாக் கடையிலும் ஒரே வாரத்தில் பாக்கி ஏறும். திருச்சியைச் சுற்றி இருப்பது ஒரு தொழில் இல்லை. கிழக்கே காவிரி டெல்டா. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் குறுவைக்கு விதை, உரம் வாங்கப் பணம் இறங்கும், தை மாசியில் சம்பா அறுவடைப் பணம் மேலே வரும். வடக்கே பெரம்பலூர். அங்கே மானாவாரி நிலத்தில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் என்றால் முதலில் நினைவுக்கு வருகிற மாவட்டம் அது. மேற்கே கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியும் பஸ் பாடி கட்டுவதும். வடகிழக்கில் டால்மியாபுரத்தில் 1939 முதலே சிமெண்ட் ஆலை. ஊருக்குள்ளே 1960-களில் வந்த பெல் தொழிற்சாலை, துப்பாக்கித் தொழிற்சாலை, ரயில்வே, கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள். தெற்கே புதுக்கோட்டைப் பக்கத்திலும் தஞ்சைப் பக்கத்திலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம். திருச்சி விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் என்பதற்குக் காரணம் இந்தக் குடும்பங்கள்தான்.

இப்போது ஒரு மோசமான வருஷத்தைக் கற்பனை செய்யுங்கள். காவிரியில் தண்ணீர் வரவில்லை. டெல்டா லைனில் வசூல் நின்றுபோகிறது. ஆனால் பெல் டவுன்ஷிப்பில் முதல் தேதி சம்பளம் விழுகிறது. பொன்மலையில் ரயில்வேக்காரர் மாதச் சாமான் வாங்குகிறார். புதுக்கோட்டைக் கிராமத்துக்குச் சிங்கப்பூர்ப் பணம் வருகிறது. சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வருகிற கூட்டம் குறைவதில்லை. ஒரு லைன் படுத்தாலும் நாலு லைன் ஓடும். நாலு லைன் ஓடினால் படுத்த லைனின் கடைக்காரருக்கு இன்னும் ஒரு மாதம் பொறுத்துக் கொடுக்க முடியும். அவரும் கடையை மூடாமல் பிழைத்துக்கொள்வார், அடுத்த அறுவடையில் கடனை அடைப்பார். டெல்டாவின் நடுவில் குடோன் வைத்திருப்பவருக்கு இந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. பெருநகரத்தில் குடோன் வைத்திருப்பவருக்கு அந்தக் கடைக்காரர் யாரென்றே தெரியாது.

யாரென்று தெரிவது சாதாரண விஷயம் இல்லை. மொத்த வியாபாரம் கடனில்தான் நடக்கிறது. எந்தக் கடைக்கு எவ்வளவு கடன் விடலாம் என்பதுதான் இதில் உண்மையான வித்தை. நடுவாந்தர ஊரில் ஒரு கடைக்காரர் பத்து ஏஜென்சிகளிடம் சரக்கு எடுப்பார். அந்தப் பத்துப் பேரும் ஒரே சங்கத்தில் இருப்பார்கள், ஒரே மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போவார்கள். ஒருவருக்கு இரண்டு வாரம் பணம் நின்றால் மற்ற ஒன்பது பேருக்கும் சேதி போய்விடும். அதே சமயம், அந்தக் கடைக்காரருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அதனால்தான் தாமதம் என்பதும் தெரிந்துவிடும். இரண்டாவது சேதி முதல் சேதியைவிடப் பெறுமானம் உள்ளது. யாரை நெருக்க வேண்டும், யாருக்குப் பொறுக்க வேண்டும் என்பதை எந்தக் கணினித் திரையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு இருக்கிறது. முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம், பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை வாய்தா என்று சொல்வார்கள். 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் சிறு தொழில் வரிசையில் சேர்த்தார்கள். அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும்தான். பணம் தாமதமானால் 45 நாளில் கேட்டு வாங்க உற்பத்தியாளருக்குச் சட்டம் தருகிற பாதுகாப்பு வியாபாரிக்குக் கிடையாது. ஆகவே சட்டம் எட்டாத தூரத்தை ஊர்ப் பழக்கம்தான் நிரப்புகிறது. பழக்கம் நிரப்புகிற அளவுக்குச் சிறியதாகவும், நூற்றுக்கணக்கான கடைகள் கிடைக்கிற அளவுக்குப் பெரியதாகவும் ஊர் இருக்க வேண்டும்.

அப்படியானால் இன்னும் சின்ன ஊர் இன்னும் நல்லதா என்று கேட்கலாம். விருதுநகரைச் சொல்வார்கள். 2011 கணக்கில் 72,000 பேர்தான். ஆனால் பருப்பு, மிளகாய், மல்லி, எண்ணெய் விலையை அந்த ஊர்ச் சந்தையைப் பார்த்துத்தான் தென்மாவட்டங்கள் பேசுகின்றன. உண்மை. ஒட்டன்சத்திரம் காய்கறிக்கும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக ஒரு சரக்கில் ஊறிய வியாபாரிகள் இருந்தால் சின்ன ஊரும் அந்தச் சரக்குக்குத் தலைநகரமாகும். ஈரோட்டுக்கு மஞ்சள் மாதிரி. ஆனால் அது மண்டி வியாபாரம். சரக்கைக் குவித்து, தரம் பிரித்து, லாரி லாரியாக அனுப்புவது. விநியோகம் வேறு. பிஸ்கட்டிலிருந்து பெயிண்ட் வரை, மாத்திரையிலிருந்து மோட்டார் உதிரிப் பாகம் வரை நூறு விதச் சரக்கை ஆயிரம் கடைகளுக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பது. அதற்குக் கடைகளும் வேண்டும், வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளும் வேண்டும், இரவு ஒன்பது மணிக்கு வந்த லாரியில் சரக்கு இறக்க ஆளும் வேண்டும். எழுபதாயிரம் பேர் ஊரில் எல்லாம் ஒருசேரக் கிடைப்பது கஷ்டம்.

ஒருசேர என்ற இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சியே பாடம் வைத்திருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் நள்ளிரவுக்கு மேல் போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காய்கறி லாரிகள் இறங்கும், கமிஷன் மண்டிகளில் விலை பேசப்படும், விடிவதற்குள் சுற்றுவட்டார ஊர்களின் கடைக்காரர்கள் மூட்டைகளோடு கிளம்பிவிடுவார்கள். நெரிசல் தாங்க முடியாது, உண்மைதான். நெரிசலைத் தீர்க்க மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் கிட்டத்தட்ட ஆயிரம் கடைகளோடு புதிய மத்திய சந்தை ஒன்றை அரசு கட்டியது. 2017-இல் திறப்பு விழாவும் நடந்தது. வியாபாரிகள் போகவில்லை. கடைகள் மிகச் சிறியவை, லாரி லோடு இறக்கப் போதாது என்றார்கள். ஊரிலிருந்து தூரம் என்றார்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கில் காந்தி மார்க்கெட் மூடப்பட்டபோது மொத்தக் காய்கறி வியாபாரம் ஜி கார்னர் மைதானத்துத் திறந்த வெளியில் மாதக்கணக்காக நடந்தது. கட்டி வைத்த கடைகள் கள்ளிக்குடியில் இருந்தும், வெயிலிலும் மழையிலும் மைதானத்தில்தான் நின்றார்கள்.

பிடிவாதம் என்று இதைச் சொல்லிவிடுவது சுலபம். லால்குடியிலிருந்து வரும் ஒரு கடைக்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் காய்கறிக்கு மட்டும் வருவதில்லை. காய்கறி எடுத்த கையோடு பெரிய கடைவீதிப் பக்கம் மளிகைச் சாமான் எடுப்பார், வெற்றிலை பாக்கு, பேப்பர் கப், பிளாஸ்டிக் சாமான், பூஜைப் பொருள் எடுப்பார், வங்கியில் பணம் கட்டுவார், எல்லாவற்றையும் ஒரே வண்டியில் போட்டுக்கொண்டு போவார். காய்கறியை மட்டும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அவருக்கு இரண்டு பயணம், இரண்டு வண்டி வாடகை. மொத்தச் சந்தை என்பது கடைகளின் எண்ணிக்கை இல்லை, பக்கத்தில் பக்கத்தில் என்னென்ன கடை இருக்கிறது என்பது. நடுவாந்தர ஊரின் பலமே எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பது. அதைப் பிய்த்து நாலு திசையில் வைத்தால் பெருநகரத்தின் கஷ்டம் வரும், பெருநகரத்தின் வியாபாரம் வராது.

இப்போது திருச்சியிலேயே பஞ்சப்பூரில் மறுபடி முயற்சி நடக்கிறது. 2025 மே மாதம் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கூடவே கனரக வாகனங்களுக்கான முனையமும் அமைந்திருக்கிறது. மொத்தக் காய்கறி அங்காடியும் அங்கேயே திட்டமிடப்பட்டிருக்கிறது. பஸ், லாரி, சந்தை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் என்பதால் கள்ளிக்குடியைவிட இதற்கு வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். மளிகைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் கூடவே வருவார்களா என்பதைப் பொறுத்திருக்கிறது.

இனி வரி விஷயம். ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் கம்பெனிகள் எங்கே குடோன் வைப்பது என்பதை வரைபடம் தீர்மானிக்கவில்லை, மத்திய விற்பனை வரி தீர்மானித்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் இரண்டு சதவீதம் வரி. சொந்தக் குடோனுக்கு மாற்றிக்கொண்டால் அந்த வரி இல்லை. அதனால் மாநிலத்துக்கொரு டிப்போ. 2017 ஜூலை 1-க்குப் பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. சாலையையும் செலவையும் மட்டும் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கலாம் என்றாகிவிட்டது. இதனால் சில சின்ன டிப்போக்கள் மூடப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். இருபது டிப்போ இருந்த இடத்தில் ஆறு பெரிய டிப்போ போதும் என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. ஆனால் பெரிய டிப்போவுக்கும் கடைக்கும் நடுவில் சரக்கை வாங்கிப் பிரிக்கிற சூப்பர் ஸ்டாக்கிஸ்டுக்கு வேலை கூடியது. அவர் இருக்க வேண்டிய இடம் திருச்சி மாதிரி ஊர்தான்.

சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லிலும் ஒரு சேதி ஒளிந்திருக்கிறது. 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று பில்லின் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். திருச்சியிலிருந்து அந்த 200 கிலோமீட்டரை அளந்து பாருங்கள். மதுரை, திண்டுக்கல், சேலம், ஈரோடு, விழுப்புரம், நாகப்பட்டினம் எல்லாம் உள்ளே வந்துவிடும். கோவை ஓரத்தில் நிற்கும். சென்னையிலிருந்து அதே தூரத்தை அளந்தால் கிழக்கே பாதி கடல்.

ஆன்லைன் வியாபாரம் வந்த பிறகும் இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. பத்து நிமிஷத்தில் வீட்டுக்குச் சாமான் கொண்டுவரும் செயலிகள் முதலில் கை வைத்தது பெருநகரத்து ஏஜென்சிகளின் கடைகளில்தான். முசிறியில் தெருமுனைக் கடைக்காரர் கடன் நோட்டு வைத்திருக்கிறார். அந்தக் கடன் நோட்டு இருக்கும்வரை அவருக்கு வாடிக்கை உண்டு, அவருக்குச் சரக்கு தருகிறவருக்கும் வேலை உண்டு. அதற்காக அசந்து இருக்கக் கூடாது. கம்பெனிகள் கடைக்காரரிடம் செயலி வழியாக நேரடியாக ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிட்டன. ஆர்டர் எடுப்பது மட்டும்தான் ஏஜென்சியின் வேலை என்று இருந்தவர்கள் காணாமல் போவார்கள். நேரத்துக்குச் சரக்கு இறக்குவது, கடன் விடுவது, காலாவதியான சரக்கைத் தகராறு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வது என்ற மூன்றையும் ஒழுங்காகச் செய்கிறவரைச் செயலியால் ஒன்றும் செய்ய முடியாது.

நகரத்தை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மொத்த வியாபாரம் வேண்டுமென்றால் அதற்கு வளைவு வாசலும் பெயர்ப் பலகையும் தேவையில்லை. இரவில் லாரி நிற்க வெளிச்சமான இடம், நம்பகமான எடை மேடை, சரக்கு இறக்குகிற தொழிலாளிக்குக் கழிப்பறையும் குளிக்கத் தண்ணீரும், சந்தைக்குள் நுழையவும் வெளியேறவும் தனித்தனி வழி, இவ்வளவு போதும். ஐம்பது கிலோ மூட்டையை இரவெல்லாம் தூக்குகிறவர்கள் கை கழுவ இடமில்லாமல் நிற்பது எந்த ஊருக்கும் மரியாதை இல்லை.

நீங்கள் இந்தத் தொழிலில் இறங்குவதாக இருந்தால், குடோனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். தெரிந்த ஏஜென்சி ஒன்றில் சொல்லி, திங்கள் முதல் சனி வரை ஆறு லைனுக்கும் அவர்கள் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து போய் வாருங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை கடை ஏறியது, எவ்வளவு வசூலானது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று தினமும் எழுதி வையுங்கள். இரவு ஒன்பது மணிக்குள் வண்டி திரும்புகிற ஊரில் குடோன் பிடியுங்கள்.